பசுமை வீடு: இரண்டு கோடை குடியிருந்து பார்த்ததில்

ஒரு வீட்டு வடிவமைப்பு நிறுவனத்திடம் பிளான் வாங்கி, அவர்கள் மேற்பார்வையிலேயே கட்டி, குடிவந்து இரண்டு கோடை ஆகிவிட்டது. சூழலைக் கெடுக்காத நவீன வீடு என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. ஐந்துக்கு மூன்று போடுவேன். அந்த மூன்றும் அவர்கள் பெருமையடித்துக்கொண்ட விஷயங்களுக்கு இல்லை, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனவற்றுக்கு.

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். ஹாலின் மேற்குப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. கணினியில் முப்பரிமாணப் படம் காட்டியபோது நானும்தான் மயங்கினேன், மறுக்கவில்லை. முதல் கோடையில் மாலை நான்கு மணிக்கு அந்தப் பக்கம் வெறுங்காலோடு நடக்க முடியவில்லை, சோபாவின் ஒரு கை மட்டும் வெளுத்துப்போனது. புகார் சொன்னதற்கு, கனமான திரை போடுங்கள் என்றார்கள். போட்டேன். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டால் அனல் அடிக்கிறது. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையில் பட்டுச் சூடாக மாறிவிட்டால், அந்தச் சூடு வந்த வழியே சுலபத்தில் திரும்பிப் போகாது, வீட்டுக்குள்தான் பரவும். தடுப்பதென்றால் வெளியிலேயே தடுக்க வேண்டும். மேலே சன் ஷேட் இருக்கிறதே என்றார்கள். உச்சி வெயிலுக்குச் சரி. மாலை வெயில் தாழ்ந்து வந்து நேராக முகத்தில் அடிக்கிறது, தலைக்கு மேல் நீட்டிய சன் ஷேட் அதை என்ன செய்யும்? கடைசியில் நானே வெளிப்புறம் செங்குத்தாக மரச் சட்டங்கள் வைத்து, வேண்டியபோது திருப்பிக்கொள்கிற மாதிரி செய்துகொண்டேன். எலிவேஷன், அதாவது வீட்டின் வெளித்தோற்றம், கெட்டுவிட்டது என்று ஆர்க்கிடெக்டுக்கு வருத்தம். கெடட்டும். 1951இல் மீஸ் வான் டெர் ரோ என்ற பெரிய ஆர்க்கிடெக்ட் அமெரிக்காவில் கட்டி முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் வீட்டில் நாலு பக்கமும் கண்ணாடிதான், உலகமே கொண்டாடியது, கோடையில் உள்ளே இருந்தவருக்குத்தான் வேர்த்துக்கொட்டியது. எழுபது வருஷமாகத் தெரிந்த சங்கதி இது!

அப்புறம் சோலார். மொட்டை மாடியில் எட்டு பேனல். தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலை பத்து மணி வரை அதில் இரண்டின் மேல் விழுகிறது. இரண்டுதானே என்று விடமுடியாது, வரிசையாகக் கோத்த பேனல்களில் ஒன்றை நிழல் மறைத்தாலே மொத்த வரிசையின் மின்சாரமும் இறங்கக்கூடும். தொட்டியும் அவர்கள் பிளான், பேனலும் அவர்கள் பிளான்.

சரி, மூன்று மதிப்பெண் எதற்கு? மாடிக் கூரைக்கு வெள்ளை ஓடு பதிக்கச் சொன்னார்கள், அதற்கு ஒன்று. ஹாலில் நடக்க முடியாத அதே நேரத்தில் மேலே போய் நின்றால் கால் சுடவில்லை, கீழே படுக்கையறையில் இரவு கூரையிலிருந்து இறங்கும் வெக்கையும் இல்லை. இன்னொன்று, படிக்கட்டின் உச்சியில் திறந்து மூடுகிற வென்டிலேட்டர். ராத்திரி கீழே நிழல் பக்கத்து ஜன்னலையும் இதையும் திறந்துவிட்டு, மேலே ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள், வெளிப்பக்கமாக இழுக்கும். சூடான காற்று தானாக ஏறிப் போய்விடுகிறது, மோட்டாரும் இல்லை மின்சாரமும் இல்லை. இதை முதல் நாள் வெறும் 'வெளிச்சத்துக்காக' என்றுதான் சொன்னார்கள்.

மூன்றாவது, சுவருக்குப் போட்ட காற்றடைத்த கான்கிரீட் கட்டி. செங்கல்லைவிட எடை மிகக் குறைவு, உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழிகள் என்பதால் சூட்டையும் மெதுவாகத்தான் கடத்தும். ஆனால் சாதாரண ஆணி நிற்காது. ஒரு கண்ணாடி அலமாரியை மாட்டி இரண்டாம் நாளே பொலபொலவென்று பொடி கொட்டியது, ஓட்டைக்குள் செருகி அதில் திருகு ஏற்றுகிற, அதற்கென்று உள்ள பிளக் போட்டால்தான் பிடிக்கிறது. இதை ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கலாம்.

பக்கத்தில் ஒரு அறை சேர்க்கும் யோசனை இருக்கிறது. இவர்களையேதான் கூப்பிடுவேன். பேச்சுவார்த்தை மட்டும் மாலை நான்கு மணிக்கு, ஹாலில், மரச் சட்டங்களைத் திறந்துவைத்துவிட்டு.