இன்ஜின் மாற்றிய பிறகு கியர் பாக்ஸ் கத்துகிறதா? பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பட்டறையின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. வேலூரில் ஒரு பட்டறை, அவ்வளவு போதும்.

என்னிடம் இருப்பது 2013 மாடல் பொலிரோ பிக்கப். ஊர் அணைக்கட்டு பக்கம். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய்வருவதுதான் வண்டியின் வேலை. பாதி மச்சான் தோட்டத்துக் காய், மீதி அக்கம்பக்கத்தார் காய். டிரைவர் வைக்கவில்லை, நானேதான் ஓட்டுகிறேன். போன சித்திரையில் ரேடியேட்டர் ஹோஸ் பிய்ந்து தண்ணீர் போனதைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டேன். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்ஜின் சூட்டில் இறுகி சீஸ் ஆகிவிட்டது. அது என் தப்பு, யார் மேலும் பழி போடவில்லை.

பழைய இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க ஆகும் செலவுக்கு, வேறு வண்டியிலிருந்து கழற்றிய அதே ரக இன்ஜின் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இன்ஜின் 70,000 ரூபாய், ஏற்றி இறக்கிய கூலி 14,000. பழைய இன்ஜின் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

வண்டியை எடுத்த மூன்றாம் நாளே சத்தம் ஆரம்பித்தது. மார்க்கெட் வாசலில் நியூட்ரலில் நிற்கும்போது கியர் லிவருக்கு அடியிலிருந்து மாவு மில் போல ஒரு உறுமல். கிளட்சை மிதித்தால் உறுமல் நின்றுவிடும், அதற்குப் பதிலாக மெல்லிசாக ஒரு கிறீச். ஓட்டும்போது முதல் மூன்று கியரில் நன்றாகக் கேட்கும், நாலாவதில் அடங்கும், அஞ்சாவதில் மறுபடி எழும்.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஓனர் வண்டியில் ஏறக்கூட இல்லை. “புது இன்ஜின்ணே, பவர் ஜாஸ்தி. பழைய கியர் பாக்ஸ் தாங்கல. கொஞ்ச நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்” என்றார். அதே ரக இன்ஜினுக்குப் பவர் மட்டும் எப்படி ஜாஸ்தியாகும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. செட் ஆகவில்லை. இன்னும் ரெண்டு வாரத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் பேசுவது காதில் விழாத அளவுக்கு வந்துவிட்டது. மறுபடி போனபோது, “கியர் பாக்ஸ் போச்சுண்ணே, வேற மாத்திடலாம்” என்றார்கள். பழைய கியர் பாக்ஸை 6,000 ரூபாய்க்குக் கழித்துக்கொண்டு, மேலே 26,000 வாங்கிக்கொண்டு, வேறொரு கழற்றிய கியர் பாக்ஸைப் போட்டுக்கொடுத்தார்கள். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டு. அதில் ‘கியர் பாக்ஸ் வேலை’ என்று இரண்டே வார்த்தை.

ஒரு மாதம் அமைதி. அப்புறம் அதே உறுமல், அதே கிறீச், அதே நாலாவது கியரில் அடங்கல். ஆள் மாறியும் குரல் மாறாதது போல.

அப்போதுதான் மச்சான் என்னைக் காட்பாடி பக்கம் இருக்கிற ஒரு பாயிடம் அழைத்துக்கொண்டு போனான். பட்டுக்கோட்டை அழகிரி பெயரில் அரசு பஸ் ஓடிய காலத்திலேயே பணிமனையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் வீட்டு வாசலில் சின்னதாக வேலை செய்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி: “இன்ஜின் மாத்தறதுக்கு முன்னாடி இந்தச் சத்தம் இருந்துச்சா கண்ணு?” இல்லை என்றேன். “பெட்டி மாத்தின பிறகும் அதே சத்தம்?” ஆமாம் என்றேன். “அப்போ பெட்டி மேல இன்னாத்துக்குப் பழி போடறீங்க?” என்று சிரித்தார். பட்டறையில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. நானும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு பாய் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதற்கு ஒரு ஸ்பானர்கூடத் தேவையில்லை, நீங்களே செய்யலாம். வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டார். கிளட்சில் கால் வைக்கவில்லை. அந்த நிலையில் இன்ஜினோடு சேர்ந்து, கியர் பாக்ஸுக்குள் சுற்றலை வாங்கும் தண்டான இன்புட் ஷாஃப்ட் சுற்றுகிறது, அதோடு பற்களால் இணைந்த கவுண்டர் ஷாஃப்டும் சுற்றுகிறது. பின்னால் போகும் மெயின் ஷாஃப்ட் நின்றிருக்கும். உறுமல் கேட்டது. கிளட்சை முழுக்க மிதித்தார், இன்புட் ஷாஃப்ட் நின்றது, உறுமலும் நின்றது. ஆக உறுமுவது இன்புட் ஷாஃப்ட் பேரிங்காகவோ கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்காகவோதான் இருக்க வேண்டும். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையைப் பெட்டியின் முன்பக்கத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். அப்புறம் பின்பக்கம் வைத்துக் கேட்டார். “முன்னாடிதான்” என்றார்.

அடுத்தது அந்தக் கிறீச். கிளட்ச் பெடலில் விரல் பட்டதுபோல லேசாகக் கால் வைத்தார், சத்தமில்லை. அந்த இடத்திலேயே கத்தினால், கிளட்சைத் தள்ளி விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் என்று அர்த்தமாம். முழுக்க மிதித்து, முதல் கியரைப் போட்டு, பெடலை விடாமல் அப்படியே பிடித்தார். இப்போது இன்புட் ஷாஃப்ட் அசையாமல் நிற்க, இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் மட்டும் சுற்றுகிறது. அந்த ஷாஃப்டின் மூக்கு கிராங்க்கின் முனையில் இருக்கிற பைலட் பேரிங்குக்குள் உட்கார்ந்திருப்பதால், அது கெட்டிருந்தால் இந்த நேரத்தில்தான் அதிகம் கத்தும். தெளிவாகக் கத்தியது.

பிறகு ரோட்டில் ஒரு சுற்று. ஓடும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினால் சத்தம் போனது, அதனால் பின்சக்கரத்துக்குச் சுற்றலைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் பின் அச்சிலிருக்கிற கிரவுன் பினியன் பற்களும் தப்பித்தன. நாலாவதில் சத்தம் குறைவதற்கும் காரணம் சொன்னார். இந்த மாதிரி பின்சக்கர இழுவை வண்டிகளில் நாலாவது கியர் நேர் ஓட்டம். இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும். பாரம் கவுண்டர் ஷாஃப்ட் வழியாகப் போகாது, பற்கள் ஒன்றையொன்று தள்ளும் அழுத்தமும் பேரிங்கில் விழாது. மற்ற கியர்களில் விழும், அப்போது கத்தும்.

எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். இந்தச் சத்தத்துக்காக நான் அதுவரை கொடுத்திருந்தது 26,000.

கியர் பாக்ஸை இறக்கும் முன் ஆயில் லெவலையும் பார்த்தார். பக்கவாட்டு நட்டைக் கழற்றிச் சுண்டுவிரலை விட்டால் ஆயில் தொட வேண்டும். என் வண்டியில் தொடவில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும்போது பின்பக்கமாக ஆயில் ஒழுகிவிடுவது சகஜம், திரும்பப் போட்டவர்கள் அளவு பார்த்து ஊற்றவில்லை. வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டார், மீசை போல இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. மஞ்சள் தூள் கொஞ்சம் மினுங்கினால், கியர் சுலபமாக விழ உதவும் சின்க்ரோ வளையம் தேய்கிறது, அதற்கு ரொம்பப் பயப்பட வேண்டாமாம். இந்த இரும்புச் செதில்தான் கெட்ட சேதி.

பெட்டி இறங்கியதும் டார்ச்சை என் கையில் கொடுத்து, “நீயே பாரு” என்றார். இன்ஜின் பிளாக்கின் பின்முகத்தில் இரண்டு துளைகள் காலியாக இருந்தன. டவல் பின் இருக்க வேண்டிய இடம். எனக்கு அதுவரை அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது. பெல் ஹவுசிங்கை, அதாவது கியர் பாக்ஸின் முன்பக்கக் கூட்டை, இன்ஜினோடு இழுத்துப் பிடிப்பது போல்ட். அதைச் சரியான நடுவில் உட்காரவைப்பது அந்த இரண்டு சின்னப் பின்கள். போல்ட் துளைகளில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். பின் இல்லாவிட்டால் கியர் பாக்ஸின் கனமே அதைக் கீழே இழுத்து, அந்த இடைவெளி அளவுக்குத் தாழ்வாக உட்கார்ந்துவிடும். “அரை மில்லி போதும் கண்ணு, பேரிங்கைத் தின்னுடும்” என்றார் பாய். பைலட் பேரிங் நீலம் பாய்ந்து, உருண்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. எந்தக் கியர் பாக்ஸை மாட்டியிருந்தாலும் இதே கதிதான்.

பின்கள் எங்கே போயின என்று யோசித்தால், பழைய பிளாக்கிலேயே இருந்திருக்கும். அந்தப் பிளாக்தான் இரும்புக்குப் போய்விட்டதே.

இரண்டு டவல் பின், பைலட் பேரிங், இன்புட் ஷாஃப்ட் பேரிங், கிளட்ச் பிளேட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து பாய் வாங்கியது 9,200. அதில் பின்கள் இரண்டும் முந்நூறு ரூபாய். மாட்டும் முன், நூலளவு விலகலையும் காட்டும் டயல் கேஜ் வைத்து பெல் ஹவுசிங் நடுவில் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார். பெட்டியை ஏற்றும்போது அதன் கனம் இன்புட் ஷாஃப்டில் தொங்காதபடி ஜாக்கி வைத்துத் தாங்கினார்.

மறுநாள் பழைய பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மறுப்பார்கள் என்று நினைத்தேன். ஓனர் சாதாரணமாக, “இன்ஜின் வரும்போதே பின் இல்லண்ணே, நாங்க இன்னா பண்றது?” என்றார். ஆக, தெரிந்தேதான் மாட்டியிருக்கிறார்கள். சத்தம் வந்தபோதும் காரணம் தெரிந்துதான் இருக்கிறது. என் வயிற்றெரிச்சல் அந்த இடத்தில்தான். தெரியாமல் செய்திருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன். பழைய கியர் பாக்ஸைத் திருப்பிக் கேட்டேன். அதில் போயிருந்தது அனேகமாக ஒரே ஒரு பேரிங். “அது வித்துப்போச்சே” என்றார்கள்.

வேறு இன்ஜின் போடப்போகிறவர்கள் தயவுசெய்து பழைய இன்ஜினை உடனே எடைக்குப் போடாதீர்கள். புதுசாக வந்ததோடு பக்கத்தில் வைத்து, பின்முகத்தை ஒப்பிட்டுப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேடிக் கியர் வண்டியிலிருந்து இறக்கிய இன்ஜின் என்றால் பைலட் பேரிங்கே பெரும்பாலும் இருக்காது, அதையும் பார்க்க வேண்டும். பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் இரண்டையும் அப்போதே புதிதாகப் போடச் சொல்லுங்கள். பெட்டி கீழே இருக்கும்போது பேரிங் விலை மட்டும்தான், பிறகு மாற்றினால் இன்னொரு முறை இறக்கும் கூலி. கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் உங்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வாருங்கள். இன்ஜினுக்கு வாங்கிய பில்லில் இன்ஜின் எண் இருக்கட்டும். அந்த எண்ணை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து ஆர்.சி.யில் மாற்றவும் வேண்டும். “அதெல்லாம் யார் பார்க்கறாங்க” என்று எனக்கும் சொன்னார்கள். ஒரு விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் பார்ப்பார்.

சரி, புகார் விஷயம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதிக்கொடுத்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்த விஷயங்களுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். “வியாபார வண்டிக்குப் புகார் செல்லாது” என்று பட்டறையில் பயமுறுத்தினார்கள். தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து ஓட்டுகிறவரை 2019ஆம் வருஷத்துச் சட்டம் நுகர்வோராகவே கணக்கில் எடுக்கிறது. எனக்கு இடிப்பது அந்தத் துண்டுச்சீட்டுதான். நல்லவேளை, 26,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பியிருந்தேன், அதன் பதிவு இருக்கிறது. பாய் தன் கைப்பட, கழற்றியபோது கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். தேய்ந்த பேரிங்குகளையும் கிளட்ச் பிளேட்டையும் ஒரு கத்திரிக்காய்ச் சாக்கில் கட்டி வீட்டில் வைத்திருக்கிறேன்.

நோட்டீஸ் போன பிறகு பட்டறையிலிருந்து ஆள் வந்து 8,000 ரூபாய் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றார். வாங்கவில்லை. வண்டி இப்போது தினமும் ஓடுகிறது, நாலாவது கியருக்கும் மூணாவது கியருக்கும் சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த விசாரணைக்குச் சாக்கோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.