குவாட்டர்பேக்கை ஒப்பிட ஆல்-22 படம்: என்எஃப்எல் பிளஸ் பிரீமியம் பற்றி

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் 2024 சீசன் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே விவாதம்தான்: பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குகளில் சிறந்தவர் ஜோஷ் ஆலனா, லமார் ஜாக்சனா? கணவர் பஃபலோ பில்ஸ் பக்கம், நான் பால்டிமோர் ரேவன்ஸ் பக்கம். சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது ஆலனுக்குப் போன பிறகும் விவாதம் ஓயவில்லை. டிவியில் பார்த்ததை வைத்துப் பேசினால் இரண்டு பேரிடமும் சொல்ல இருந்தது "பெரிய த்ரோ", "அருமையான ஓட்டம்", அவ்வளவுதான். அந்தக் கடுப்பில்தான் லீக்கின் சொந்த ஸ்ட்ரீமிங் சேவையான என்எஃப்எல் பிளஸ் பிரீமியத்துக்குச் சந்தா எடுத்தேன். அப்போது மாதம் 14.99 டாலர், மொத்தமாகக் கட்டினால் வருடத்துக்கு 99.99. நேரலையோ, பல ஆட்டங்களின் ஸ்கோர் வாய்ப்புகளை மாற்றி மாற்றிக் காட்டும் ரெட்ஸோன் சேனலோ எனக்குப் பெரிதில்லை. நான் காசு கொடுத்தது ஆல்-22 படத்துக்கு.

அது என்னவென்றால், கோச்சுகள் பார்க்கும் படம். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போகும். ஸ்நாப் ஆனதும், அதாவது பந்து குவாட்டர்பேக் கைக்கு வந்து பிளே தொடங்கியதும், திரையில் குவாட்டர்பேக்கும் அவரைக் காக்கும் லைனும் மட்டும் இருப்பார்கள். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்கள் பத்துப் பதினைந்து யார்டு ஓடியதும் திரையை விட்டே போய்விடுவார்கள். பந்து கையை விட்டுப் போன பிறகுதான் யாருக்குப் போகிறது என்று தெரியும். ஆல்-22 படத்தில் ஒரு கேமரா மைதானத்தின் பக்கவாட்டில் உயரத்தில் இருக்கும், இன்னொன்று, டச்டவுன் எடுக்கும் கோடிப் பகுதியான எண்ட் ஸோனுக்குப் பின்னால். பக்கவாட்டுக் கோணத்தில் இரண்டு அணியின் 22 பேரும் தெரிவார்கள். ஒரே பிளேயை இரண்டு கோணத்திலும் பார்க்கலாம். வர்ணனை கிடையாது, கூட்டத்தின் சத்தமும் கிடையாது. 2012 சீசனுக்கு முன்னால் லீக் இதைப் பொதுமக்களுக்குத் தரவே இல்லை.

இதில் நான் அதிகம் ஓட்டிப் பார்த்தது 2024 நவம்பர் 7 ஆட்டம். சின்சினாட்டி பெங்கால்ஸ் 34, ரேவன்ஸ் 35. பெங்கால்ஸின் குவாட்டர்பேக் ஜோ பர்ரோ வீசியது 428 யார்டு, 4 டச்டவுன். ஜாக்சன் 290 யார்டு, அவரும் 4 டச்டவுன். கணக்கைப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி வெளுத்தார்கள் என்றுதான் தோன்றும். படத்தில் பார்த்தால் அவர்கள் ஆடுவது கிட்டத்தட்ட இரண்டு வேறு விளையாட்டு.

பர்ரோவின் வேலையில் பாதி ஸ்நாப்புக்கு முன்பே முடிந்துவிடுகிறது. எதிரணித் தடுப்பின் கடைசி வரிசையான சேஃப்டிகள் எங்கே நிற்கிறார்கள், தன் ரிசீவர் ஜமார் சேஸுக்கு எதிரில் எத்தனை பேர் என்று பார்த்து முடிவெடுத்துவிடுகிறார். எண்ட் ஸோன் கோணத்தில் அவர் பாதத்தைக் கவனியுங்கள். பின்வாங்கும் கடைசி அடி ஊன்றும்போதே பந்து கிளம்புகிறது, பல நேரம் ரிசீவர் இன்னும் திரும்பியிருக்கக்கூட மாட்டார். அன்று சேஸ் மட்டும் 264 யார்டு, 3 டச்டவுன். அந்த சீசனில் 4,918 யார்டும் 43 டச்டவுனும் வீசி இரண்டிலும் லீக்கில் முதலிடம் பிடித்தவர் பர்ரோ. அப்படியும் பெங்கால்ஸ் 9 வெற்றி, 8 தோல்வி என்று, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போகாமல் நின்றது எனக்கே மனசு ஆறவில்லை.

ஜாக்சனைப் பார்க்கும்போது நான் அவரைப் பார்ப்பதில்லை, எதிரணித் தடுப்பின் நடுவரிசையான லைன்பேக்கர்களைத்தான் பார்க்கிறேன். பந்தைச் சுமந்து ஓடும் டெரிக் ஹென்றி வயிற்றில் அதை வைப்பதுபோலக் காட்டி ஜாக்சன் இழுத்துக்கொள்ளும் அந்த அரை நொடியில் லைன்பேக்கர்கள் முன்னால் வந்துவிடுகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் நடுமைதானம் காலியாகிறது. ஓடும் குவாட்டர்பேக் என்று அவரை ஒரே வார்த்தையில் முடித்துவிடுபவர்களுக்கு இதைத்தான் போட்டுக் காட்டுவேன். அவர் ஓடாத பிளேயிலும் அவர் ஓடுவாரோ என்ற பயம் ரிசீவருக்கு இடம் வாங்கிக் கொடுக்கிறது. ஒரே சீசனில் 4,000 யார்டு வீசி 900 யார்டும் ஓடிய முதல் ஆள் அவர்தான், அதே 2024இல்.

அவருடைய குறையையும் படம் மறைக்கவில்லை. கன்சாஸ் சிட்டியில் நடந்த செப்டம்பர் 5 ஆட்டத்தின் கடைசி சில நொடிகளைப் போட்டுப் பாருங்கள். ரேவன்ஸின் ஐசையா லைக்லி பந்தைப் பிடித்தும், கால்விரல் எல்லைக் கோட்டைத் தொட்டதால் டச்டவுன் செல்லாமல் போன அந்தக் கடைசி பிளேயைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதற்கு முந்தைய பிளேயில் ஸே ஃபிளவர்ஸ் எண்ட் ஸோனில் தனியாக நிற்கிறார், பந்து அவரிடம் சேரவில்லை. ஆட்டம் கைவிட்டுப் போனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

சரி, ஆலன். டிவியில் அவர் ஒரு காட்டாறு மாதிரி தெரிவார். படத்தில் 2024இன் ஆலன் ரொம்பவும் பொறுமைசாலி. லைன் அவரைச் சுற்றி அமைக்கும் பாதுகாப்பு வளையமான பாக்கெட் இடிய ஆரம்பித்ததும் பக்கத்தில் ஒரு எட்டு வைத்து நகர்ந்து, கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமல் நிற்கிறார். அந்த வழக்கமான சீசன் முழுக்க அவரைச் சாக் செய்ய, அதாவது பந்தை வீசும் முன்பே வீழ்த்த, முடிந்தது 14 தடவைதான். 2025 ஜனவரி 19 பிளேஆஃபில் எங்களை 27-25 என்று தோற்கடித்த அன்று அவர் வீசியது வெறும் 127 யார்டு. ஓடி இரண்டு டச்டவுன் எடுத்தார், பந்தை ஒருமுறைகூடத் தொலைக்கவில்லை. நாங்கள் மூன்று முறை தொலைத்தோம். அதற்கு முன்பு நவம்பரில் கன்சாஸ் சிட்டிக்கு எதிராக நான்காவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், 2 யார்டு வேண்டியிருந்தபோது 26 யார்டு ஓடி டச்டவுன் வைத்தாரே, அதை எண்ட் ஸோன் கோணத்தில் பாருங்கள். பாஸ் போடத்தான் பின்வாங்குகிறார். நடுவில் வழி தெரிந்த கணத்தில் ஆள் மாறிவிடுகிறார். கணவர் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

கன்சாஸ் சிட்டியின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்கு, சீசனின் இறுதிப் போட்டியான 2025 பிப்ரவரி சூப்பர் பௌல் படம். பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 40-22 என்று ஜெயித்த ஆட்டம். மஹோம்ஸை 6 முறை சாக் செய்தார்கள், ஆனால் ஒரு தடவைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை, அதாவது துரத்தக் கூடுதல் ஆளை விடவில்லை. லைனில் இருக்கும் நான்கு பேரே துரத்த, மீதி ஏழு பேர் பின்னால் நின்று வழியை அடைத்தார்கள். பாக்கெட்டை விட்டு வெளியே வந்து, பிளே குலைந்த பிறகு ஒன்றை உண்டாக்குவதுதான் மஹோம்ஸின் தனித்தன்மை. அன்று அப்படி வெளியே வந்தாலும் கண்ணுக்கு எட்டிய தூரம் யாரும் திறந்து நிற்கவில்லை. மஹோம்ஸைக் காக்கும் லைனின் உள்ளே கார்டாக ஆடவேண்டிய ஜோ தூனி ஓரத்தில் இடது டேக்கிளாக நின்று திண்டாடுவதும் தெளிவாகத் தெரியும். மஹோம்ஸ் சொதப்பினார் என்று மறுநாள் எழுதியவர்கள் இந்தக் கோணத்தை ஒரு தரம் பார்த்திருக்கலாம்.

குறைகள் உண்டு. படத்தில் எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு வேண்டும் என்பது தெரியாமல் புதியவர்கள் தடுமாறுவார்கள். பக்கத்தில் ஆட்டத்தின் பிளே பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்ளவேண்டும். ஆட்டம் முடிந்த கையோடு படமும் வந்துவிடாது, கொஞ்சம் காத்திருக்கவேண்டும். நேரலையாக வரும் உள்ளூர் ஆட்டமும் இரவு ஆட்டமும் ஃபோனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான், டிவி பெட்டியில் கிடையாது. நேரலைக்காக எடுப்பவர்களுக்கு அது பெரிய குறை.

2024இல் சேர்த்த என்எஃப்எல் ப்ரோ என்ற பகுதியும் இதே சந்தாவில் வருகிறது. ஆட்டக்காரர்களின் தோள்கவசத்தில் இருக்கும் சிப்பிலிருந்து எடுத்த கணக்கு: பந்தை எத்தனை நொடி கையில் வைத்திருந்தார், எவ்வளவு தூரம் வீசினார் என்றெல்லாம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் படத்தைப் பார்த்த பிறகு பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கிறது. நான் அதை இரண்டாவதாகத்தான் திறக்கிறேன்.

ஆட்டத்தை ஸ்கோருக்காகப் பார்ப்பவர்கள் இதை எடுக்கவேண்டாம். குவாட்டர்பேக்குகளை ஒப்பிட்டுப் பேசுவதில் ஆசை உள்ளவர்கள் முதலில் ஒரு மாதச் சந்தா போதும் என்று எடுங்கள். அந்த நவம்பர் 7 ஆட்டத்தின் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குங்கள். ரேவன்ஸ் 21-7 என்று பின்தங்கியிருந்து எழுந்து வருவார்கள், கோட்டை மிதிக்காமல் டைலன் வாலஸ் ஓடும் 84 யார்டு டச்டவுனும் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பிளேயிலும் முதலில் பக்கவாட்டுக் கோணம், அப்புறம் எண்ட் ஸோன் கோணம். முதல் தடவை பந்தைப் பார்க்காமல் சேஃப்டிகளை மட்டும் பாருங்கள்.