கேம்பர் வேனில் மூன்று வருட சோலார்: பேனலை முதலில் வாங்கியது தப்பு

உள்ளேயே தங்கிப் பயணிக்கும் என் கேம்பர் வேனில் சோலார் போட்டு மூன்று வருடம் ஆகிறது. இப்போது கூரையில் 200 வாட் பேனல், வெளியே விரித்து வைக்கும் மடக்குப் பேனல் இன்னொரு 200 வாட், உள்ளே 12.8 வோல்ட் 200 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. ஆரம்பித்தது இப்படி இல்லை. 100 வாட் மடக்குப் பேனலும் 500 வாட் ஹவர் பவர் ஸ்டேஷனும் (பேட்டரியும் பிளக்குகளும் சேர்ந்த பெட்டி) இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

முதல் பயணத்தின் இரண்டாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு ஃபேன் நின்று வியர்த்து எழுந்தேன். ஃப்ரிட்ஜும் ஓடவில்லை, ஸ்டேஷன் திரையில் பூஜ்ஜியம். பகல் முழுக்க வெயிலில் வைத்துத்தானே இருந்தோம் என்று புரியாமல் அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 100 வாட் என்பது ஆய்வகத்தில் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்த எண். உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். எனக்குக் கிடைத்தது 65 வாட்தான், அதுவும் நல்ல நேரத்தில். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தாலும் 325 வாட் ஹவர். செலவோ ராத்திரி மட்டுமே 500-ஐத் தாண்டியது: யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்த ராத்திரிச் செலவில் எனக்குத் தெரியாமல் ஒன்று தின்றுகொண்டிருந்தது, பேட்டரியின் டிசி கரண்ட்டை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர். ஃப்ரிட்ஜை ஏசி பிளக்கில் செருகியிருந்தேன். எதுவுமே ஓடாவிட்டாலும் இன்வெர்ட்டர் ஆனில் இருந்தால் 10 வாட் போய்க்கொண்டே இருக்கும், 24 மணி நேரத்துக்கு 240 வாட் ஹவர், அதாவது என் ஸ்டேஷனில் கிட்டத்தட்ட பாதி. அதே ஃப்ரிட்ஜை 12 வோல்ட் சாக்கெட்டுக்கு மாற்றி இன்வெர்ட்டரை அணைத்த அன்றே வித்தியாசம் தெரிந்தது. புதிதாக எதையும் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

சரி, சைஸ் எப்படிப் போடுவது? முதலில் ஒரு நாள் செலவை வாட் ஹவரில் அளந்துவிடுங்கள், ஊகிக்காதீர்கள். எனக்கு 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வெயில் நாளில் 450, ஃபேன் 200, லேப்டாப் 120, போனும் விளக்குகளும் 60, ஆக சுமார் 830. பேட்டரி இதைப்போல இரண்டு நாளைத் தாங்க வேண்டும், ஏனென்றால் மப்பும் மந்தாரமுமான நாட்களில் பேனல் பத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே பெரிது. 200 ஏஎச் லித்தியம் என்றால் 2560 வாட் ஹவர், அதில் 80 சதவீதம் பயன்படுத்தினாலும் இரண்டு நாளுக்கு மேல் வரும். லெட் ஆசிட் என்றால் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது, இதே வேலைக்கு 300 ஏஎச்சுக்கும் மேல் தேவை, எடையும் எகிறிவிடும். பேனல் கடைசியில்தான்: 830-ஐ நான்கு மணி நேர நல்ல வெயிலால் வகுத்து, சூட்டிலும் மற்றதிலும் போகும் இழப்புக்காக அதை 0.7-ஆல் மறுபடி வகுத்தால் 300 வாட். குறைந்தபட்சம் அவ்வளவு. நான் 400 வைத்திருக்கிறேன், மிச்சம் இருந்ததாக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

சமையலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே 100 வாட் ஹவர் ஆகிறது, இண்டக்‌ஷன் அடுப்பை அரை மணி நேரம் போட்டால் ஃப்ரிட்ஜின் ஒரு நாள் செலவைத் தாண்டிவிடும். கேஸ் அடுப்பே போதும்.

நிழலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒருமுறை கட்டைவிரல் பருமன் கிளையின் நிழல் மடக்குப் பேனலின் ஓரத்தில் விழுந்தது. 140 வாட் காட்டிக்கொண்டிருந்த எண் கண்முன்னே 50-க்கு இறங்கியது. பேனலை இரண்டு அடி நகர்த்தினேன், திரும்ப ஏறிவிட்டது. செல்கள் வரிசையாகக் கோர்த்திருப்பதால் ஒன்று மறைந்தாலும் அந்த வரிசையே படுத்துவிடுகிறது. அதனால்தான் மடக்குப் பேனலை விடாமல் வைத்திருக்கிறேன், வேன் நிழலில் நிற்கட்டும், பேனல் வெயிலுக்குப் போகட்டும்.

வயரிலும் ஏமாந்தேன். ஃப்ரிட்ஜுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரை ஐந்து மீட்டர் இழுத்திருந்தேன், 5 ஆம்பியருக்கே அரை வோல்ட்டுக்கு மேல் அதில் விழுந்தது. 6-க்கு மாற்றியபின் அது 0.15-க்கு வந்துவிட்டது. பேட்டரி பிளஸ்ஸில் ஃபியூஸ் போடாமல் மட்டும் எதையும் இணைக்காதீர்கள், இதில் சமரசமே கிடையாது.

லித்தியத்துக்கு ஷன்ட் (போகும் வரும் கரண்ட்டை அளக்கும் பாகம்) வைத்த மானிட்டர் அவசியம். வோல்ட்டேஜ் பெரும்பாலும் 13-ஐ ஒட்டியே நிற்கும், அதை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவே முடியாது. இன்னொன்று, பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக்கூடாது. ஒரு குளிர்காலக் காலையில் பளீர் வெயில் அடித்தும் ஒரு வாட்கூட ஏறவில்லை, பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் சார்ஜை வெட்டியிருந்தது. பேட்டரிப் பெட்டி கொஞ்சம் சூடானதும் தானாகவே ஏற ஆரம்பித்தது.

மூன்று வருடத்தில் பேட்டரி தளரவில்லை. தேய்ந்தது மடக்குப் பேனல்தான்: மடிப்பில் தையல் விட்டுவிட்டது, போன மாதம் 90 வாட்டுக்கு மேல் ஏறவே இல்லை. பேனல் போய்விட்டது என்றே நினைத்தேன். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருந்தது. புதிதாக ஒன்றைக் கிரிம்ப் செய்து மாட்டினேன், மறுநாள் நண்பகலில் 150.