சர்வே எண் தெரிய வேண்டும், கோப்பும் சிறியதாக வேண்டும்: மூன்று வழிகள்

போன மாதம் அத்தையின் வீட்டுக் கிரயப் பத்திரத்தை வங்கிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 18 பக்கம். தெருமுனைக் கடையில் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கலர் ஸ்கேன் எடுத்துக் கொடுத்தார்கள். கோப்பு 30 எம்பியைத் தாண்டிவிட்டது. வங்கியின் இணையதளமோ 2 எம்பிக்கு மேல் வாங்காது. அவசரத்தில் ஒரு பிடிஎஃப் சுருக்கும் தளத்தில் போட்டு, இருப்பதிலேயே அதிகமாகச் சுருக்கும் தேர்வை அழுத்தி அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது: சர்வே எண் படிக்க முடியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். 86 என்பது 88 போலவும் இருந்தது, 66 போலவும் இருந்தது. நிலத்துக்கு அந்த எண்தானே எல்லாம்.

அப்புறம்தான் அதே பத்திரத்தை வைத்துக்கொண்டு மூன்று வழிகளைப் பொறுமையாகச் செய்து பார்த்தேன்: ஆன்லைன் தளம், நம் கணினியிலேயே ஓடும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள், கறுப்பு வெள்ளையில் மறுபடி ஸ்கேன். எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து மட்டும் உள்ள பக்கத்தில் டிபிஐயில் கை வைக்காதீர்கள், நிறத்தை விட்டுக்கொடுங்கள்.

வேர்டிலோ லிப்ரே ஆபிஸிலோ தட்டச்சு செய்து உருவான பிடிஎஃப் என்றால் இந்தப் பாடு வேண்டாம். அதில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். எடை கூடுவது பெரும்பாலும் படங்களால்தான். லிப்ரே ஆபிஸில் பிடிஎஃபாக ஏற்றுமதி செய்யும்போதே படங்களின் டிபிஐயையும் ஜேபெக் (படத்தின் நுணுக்கத்தைக் கொஞ்சம் விட்டுச் சுருக்கும் முறை) தரத்தையும் குறைக்க வசதி இருக்கிறது. அங்கே குறைத்தால் போதும். அப்படிப்பட்ட கோப்பை அச்செடுத்து மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பாதீர்கள், தேடும் வசதியும் போய், எடையும் ஏறும்.

ஸ்கேன் கோப்பு வேறு மாதிரி. ஒரு ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480க்கு 3508 புள்ளிகள், அதாவது பிக்சல்கள். கலரில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட், ஆகச் சுருக்குவதற்கு முன் பக்கத்துக்கு 26 எம்பி. கிரேயில் (சாம்பல் நிறச் சாயல்கள் மட்டும்) 8.7 எம்பி. கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு ஒரே பிட் என்பதால் ஒன்றேகால் எம்பிகூட வராது. எதைச் சுருக்குகிறோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஆன்லைன் தளங்கள் எளிது, அதை மறுக்கவில்லை. ஐலவ்பிடிஎஃப் போன்றவற்றில் மூன்று நிலைகள் இருக்கும். நடுவில் உள்ளது பெரும்பாலும் போதும். ஆனால் பொத்தானுக்குப் பின்னால் எத்தனை டிபிஐக்கு இறங்குகிறது என்பது நம் கையில் இல்லை. பத்திரம், ஆதார், சம்பளச் சீட்டு போன்றவற்றை இன்னொருவரின் சர்வரில் ஏற்றுகிறோம் என்பதும் எனக்கு உறுத்துகிறது. சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று தளங்கள் சொன்னாலும்தான். கல்யாணப் பத்திரிகைக்குச் சரி, கிரயப் பத்திரத்துக்கு வேண்டாம்.

கோஸ்ட்ஸ்கிரிப்ட் இலவசம், கோப்பு வீட்டைவிட்டு வெளியே போகாது. கட்டளை தட்ட வேண்டும் என்பதுதான் பலருக்குத் தயக்கம், ஒரே வரிதான். அதில் 'ஸ்கிரீன்' என்றால் படங்கள் 72 டிபிஐ, 'ஈபுக்' என்றால் 150, 'பிரிண்டர்' என்றால் 300. ஸ்கிரீனைத் தொடவே தொடாதீர்கள். காரணம் எளிய கணக்கு: எழுத்தின் அளவைச் சொல்லும் பாயின்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு, ஆக 72 டிபிஐயில் ஒரு பாயின்ட்டுக்கு ஒரு பிக்சல். 10 பாயின்ட் எழுத்துக்கு மேலிருந்து கீழ்வரை பத்தே பிக்சல். மெய்யெழுத்தின் மேல் நிற்கும் புள்ளிக்கு ஒரு பிக்சல் கிடைத்தால் பெரிது. ஜேபெக் வேறு படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் அந்த ஒற்றைப் பிக்சலும் பக்கத்துச் சாம்பலில் கரைந்துவிடும். 'ன்' என்பது 'ன' ஆகிவிடும். ஆங்கிலத்தில் 'ஐ' மேல் புள்ளி போனாலும் வார்த்தை நிற்கும், நமக்கு அப்படியில்லை. ஈபுக்கில் அதே எழுத்துக்கு 21 பிக்சல் கிடைக்கிறது, புள்ளி பிழைத்துக்கொள்கிறது.

பலர் குழம்பும் இடம் ஒன்று. 200 டிபிஐ ஸ்கேனை ஈபுக்கில் போட்டால் டிபிஐ குறையாது. இலக்கைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால்தான் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இயல்பாகக் குறைக்கும். ஓடாததுபோல் தெரிந்தால் அதுதான் காரணம். கலரைக் கிரேயாக மாற்றினாலும் எதிர்பார்த்த லாபம் வராது, ஜேபெக் நிறத் தகவலைப் பெரும்பாலும் முன்னமே நன்றாக நறுக்கியிருக்கும்.

மூன்றாவது வழியில்தான் எனக்கு நிம்மதி வந்தது. 300 டிபிஐ, கறுப்பு வெள்ளை, ஃபேக்ஸுக்காக வந்த குரூப் 4 சுருக்கம். அது ஒரு பிக்சலையும் இழக்காத முறை. எழுத்துப் பக்கம் சுமார் 50 கேபியில் அடங்கிவிட்டது, எழுத்தின் ஓரமும் கத்தி மாதிரி நின்றது. மங்கலான 150 டிபிஐ கலரைவிடச் சிறிய கோப்பு, அதைவிடத் தெளிவும். போன் செயலிகளில் உள்ள கறுப்பு வெள்ளை ஃபில்டரை நம்பி ஏமாற வேண்டாம், பல செயலிகள் அதையும் ஜேபெக்காகவே சேமிக்கின்றன.

குறையும் உண்டு. முத்திரைத்தாளின் வண்ணப் பின்னணி கறுப்பு வெள்ளையில் மணல் கொட்டினாற்போல் ஆகிவிட்டது. சார்பதிவாளர் அலுவலக முத்திரையின் ஊதா மை பாதி மறைந்தது. அந்தப் பக்கங்களுக்கு 150 டிபிஐ ஜேபெக்தான் சரி.

கறுப்பு வெள்ளையில் இன்னொரு எச்சரிக்கை. ஜேபிக்2 என்ற முறை இன்னும் சிறிதாக்கும், ஆனால் அதில் இழப்புள்ள வகை ஒத்த உருவங்களை ஒரே உருவமாக வைத்துக்கொள்ளும். 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் இயந்திரம் ஒன்றில் கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்த மூன்று அறைகளும் 14.13 என்றே வந்தன. மங்கலே இல்லை, பளிச்சென்ற தவறான எண். நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தியது. மங்கிய எண்ணைப் பார்த்தால் சந்தேகம் வரும், பளிச்சென்ற எண்ணில் வராது. அதனால் பத்திரத்துக்கு இழப்பில்லாத வகை மட்டும்தான்.

கடைசியில் முத்திரைத்தாள் நான்கையும் 150 டிபிஐ கலரில் வைத்து, மற்ற 14 பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, படங்களை மறுபடி சுருக்காமல் ஒட்டும் க்யூபிடிஎஃப் என்ற மென்பொருளில் சேர்த்தேன். 2 எம்பிக்குள் வந்துவிட்டது. அனுப்பும் முன் சொத்து விவரப் பக்கத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, அத்தை கையிலிருந்த மூலப் பத்திரத்தோடு எண் எண்ணாக ஒப்பிட்டோம். பழைய 30 எம்பி கோப்பை அழிக்கவில்லை, பென் டிரைவில் ஏற்றி, பத்திரம் இருக்கும் அதே உறையில் வைத்திருக்கிறோம்.