சுண்டெலி விழித்திரையில் மேல் எது, கீழ் எது? திசை குறிக்கும் மூன்று வழிகள்

சுண்டெலியின் விழித்திரையைக் கண்கோப்பையிலிருந்து பிரித்து, இதழ் இதழாகக் கீறித் தட்டையாக விரித்த பின், எது மேற்பக்கம், எது மூக்குப் பக்கம் என்று வெறும் கண்ணுக்குக் காட்டும் அடையாளம் எதுவும் அதில் இருப்பதில்லை. மனித விழித்திரையில் ஃபோவியா என்னும் மையக்குழி, பார்வை நரம்புத் தட்டுக்கு நெற்றிப்பொட்டுப் பக்கமாக அமைந்து திசை காட்டிவிடும். சுண்டெலிக்கு அந்தக் குழி கிடையாது. நரம்புத் தட்டும் ஏறத்தாழ நடுவில்தான் இருக்கிறது. ஆகவே திசையைக் கண்ணை அறுக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும், அல்லது பின்னர் சாயமேற்றிக் கண்டறிய வேண்டும்.

மிக எளிய வழி கருவிழிச் சூடு. விலங்கைக் கொன்ற பின், கண்ணை எடுப்பதற்கு முன்பு, கருவிழியின் மூக்குப் பக்க விளிம்பிலோ மேல் விளிம்பிலோ சூடான ஊசியால் ஒரு புள்ளி வைத்து, பிறகு அதை நோக்கி விழித்திரையில் நீண்ட கீறல் இடுவார்கள். விரைவான முறைதான், ஆனால் இமைகளை விலக்கிக் கண்ணைப் பிதுக்கும்போதே விழி சற்றுச் சுழன்றுவிடலாம், தலையைப் பிடித்திருக்கும் கோணமும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்தால் போதும் என்னும் வேலைக்கு மட்டுமே இதை நான் ஏற்பேன்.

விழியோடு ஒட்டியிருக்கும் உடற்கூற்று அடையாளங்களில் இந்தக் குறை இல்லை, ஏனெனில் விழி சுழன்றால் அவையும் உடன் சுழலும். நான்கு நேர்தசைகளின் ஒட்டுமிடங்களும், கண்ணின் பின்புறத்தில் மூக்குப் பக்கத்துக்கும் பொட்டுப் பக்கத்துக்கும் இடையே ஏறக்குறையக் கிடைமட்டமாக ஓடும் கோராய்டு (விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தக்குழாய் அடுக்கு) பிளவின் தடமும் இவ்வகையைச் சேர்ந்தவை. சுமார் 3 மி.மீ. விட்டமுள்ள கண்ணில் இத்தசைகள் மெல்லிய பட்டைகளாகவே தெரியும். கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் நீக்கும் அவசரத்தில் அவற்றையும் சேர்த்து நறுக்கிவிடுவது புதியவர்களிடம் வழக்கம். ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய கண்ணில் வேலை எளிது. ஆனால் உயிருள்ள செல்களின் ஒளித்துலங்கலை அளக்க, மங்கிய சிவப்பொளியில், ஆக்சிஜன் ஏற்றிய கரைசலுக்குள் அறுப்பவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும் முறை.

மூன்றாவது வழி கீறலையே நம்புவதில்லை. நிறத்தை உணரும் கூம்புச் செல்களில் உள்ள ஒளியுணர் புரதங்களில், புற ஊதாவை உணரும் எஸ்-ஆப்சின் சுண்டெலி விழித்திரையின் கீழ்ப்பகுதியில் செறிந்தும், பச்சையை உணரும் எம்-ஆப்சின் மேற்பகுதியில் மேலோங்கியும் இருப்பதை 1992-இல் சேல் (Szél) என்னும் ஆய்வாளரின் குழுவினர் விவரித்தனர். எதிர்ப்பொருள் கொண்டு எஸ்-ஆப்சினைச் சாயமேற்றினால் கீழ்ப்பக்கம் தானே வெளிப்பட்டுவிடும். கீறல் பிசகியிருந்தாலும் திருத்திக்கொள்ளலாம். இதற்கு எல்லையும் உண்டு. சாயம் காட்டுவது மேல்-கீழ் அச்சை மட்டுமே. இடக்கண்ணா வலக்கண்ணா என்ற குறிப்புத் தொலைந்தாலோ, கேங்லியான் செல் அடுக்கு (மூளைக்குச் செய்தி அனுப்பும் செல்கள் உள்ள, விழித்திரையின் உட்புற அடுக்கு) மேல்நோக்கி இருக்கிறதா என்பது தெரியாமல் போனாலோ, மூக்குப் பக்கமும் பொட்டுப் பக்கமும் இடம் மாறிவிடும் (ஒற்றைக் கீறலுக்கும் இதே ஆபத்து உண்டு). கூம்புச் செல்கள் அழிந்த இனங்களில் இம்முறை உதவாது. தைராய்டு ஹார்மோன் ஏற்பியின் பீட்டா-2 வடிவம் நீக்கப்பட்ட எலிகளிலும் உதவாது. அவற்றில் எல்லாக் கூம்புகளும் எஸ்-ஆப்சினையே கொண்டிருப்பதால் மேல்-கீழ் வேறுபாடே மறைந்துவிடுகிறது.

திசையுணர் கேங்லியான் செல்களின் விருப்பத் திசையை (அவை மிகுதியாகத் துலங்கும் அசைவுத் திசையை) அளக்கும் ஆய்வுக்கு, சில பாகைப் பிழையும் முடிவில் ஏறிவிடும் என்பதால், தசையையோ பிளவையோ பார்த்து நரம்புத் தட்டை நோக்கி ஓர் ஆழ்ந்த கீறலும், பதிவு முடிந்ததும் அதே திசுவில் எஸ்-ஆப்சின் சாயமும் என இரண்டையும் சேர்த்துக் கையாள்வதே என் தேர்வு. இரண்டும் ஒத்துப்போகாத திசுவைத் தொகுப்பில் சேர்க்காமல் ஒதுக்கிவிடலாம். செல்களின் மின்குறிகளைப் பதியும் மின்முனை அணியில் அழுத்தி வைத்த விழித்திரை பிரித்தெடுக்கும்போது கிழிந்துபோவதுண்டு; அந்த வேலையில் சாயத்தை எதிர்பார்க்காமல், முதற்கீறலிலேயே கூடுதல் நேரம் செலவிடுவது நல்லது.