காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் எழுபது ரூபாய்க்கு ஒரு ஸ்டைன்பெக்

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டிப் பழைய புத்தகக் கடை முன்னால் நின்றுவிடுவது என் வழக்கம். போன வாரம் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' கிடைத்தது. அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது, தாள் பழுப்பேறிவிட்டது, ஆனால் ஒரு பக்கம்கூட விடுபடவில்லை. கடைக்கார அண்ணன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்க விடுகிறார், படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை. நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

1937-இல் வந்த சின்ன நாவல். கலிஃபோர்னியாவில் பண்ணை பண்ணையாகக் கூலிக்கு அலையும் ஜார்ஜ், லென்னி என்ற இரண்டு நண்பர்களின் கதை. லென்னிக்கு மலை மாதிரி உடம்பு, குழந்தையின் புத்தி. எல்லோரும் இந்த நட்பைத்தான் பேசுவார்கள். சரி, அதுவும் பெரிய விஷயம்தான், ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று.

இருவரும் வேலைக்குச் சேரும் பண்ணையில் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் க்ரூக்ஸ் கறுப்பர் என்பதால் மற்ற ஆட்கள் படுக்கும் கொட்டகைக்குள் அவரைச் சேர்ப்பதில்லை, சேணம் மாட்டும் அறையில் தனியாகப் படுக்கிறார். அப்படிப்பட்ட மனிதர், லென்னி வந்து உட்கார்ந்ததும், ஜார்ஜ் திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டுக் கேட்டு அவனைக் கலங்கவைக்கிறார், அதில் அவருக்கு ஒரு சுகம்கூட இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் முதலாளி மகனின் மனைவி வருகிறாள் (நாவல் முழுக்க அவளுக்குப் பெயரே கிடையாது, பேச ஆளும் கிடையாது). நான் நினைத்தால் உன்னை மரத்தில் தொங்கவிடுவேன் என்று அவள் மிரட்ட, க்ரூக்ஸ் அப்படியே சுருங்கிப் போகிறார். ஒரே ராத்திரி, ஒரே அறை. நான் பல வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவன். மேலாளரிடம் வாங்கிய திட்டை அப்படியே கொண்டுபோய்த் தரை துடைக்கும் அம்மாவிடம் கொட்டியிருக்கிறேன். இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது அந்த அம்மாவின் முகம்தான் வந்தது.

அப்புறம் அதே பண்ணையின் வயசான வேலையாள் கேண்டி. வேலையில் ஒரு கை போனதற்கு 250 டாலர் கொடுத்துப் பெருக்குகிற வேலையில் விட்டுவைத்திருக்கிறார்கள். அவருடைய கிழட்டு நாயை, நாற்றமடிக்கிறது என்று வெளியே கூட்டிப்போய்ச் சுடும் வரை கொட்டகையில் யாருக்கும் பேச்சு வரவில்லை. அடுத்து தன்னையும் துரத்திவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஆங்கிலம் பண்ணைக்காரர்களின் கொச்சை, முதல் பத்துப் பக்கம் சிரமப்படுத்தும், வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். அந்தக் கடையில் இன்னொரு பிரதியும் கிடந்தது, யாரோ பென்சிலால் கோடு போட்டது. வேண்டுமென்றால் ஞாயிறு காலையிலேயே போய்விடுங்கள்.