பழைய கேம்கார்டர் வீடியோ: எக்ஸ்264 போதுமா, எக்ஸ்265, ஏவி1 வேண்டுமா?

காதுகுத்து, வளைகாப்பு, திருவொற்றியூர் தேர் என்று கேம்கார்டரில் எடுத்த ஏவிசிஎச்டி (கேம்கார்டர்களின் வீடியோ வடிவம்) ஃபைல்கள் வடசென்னையில் பல வீட்டு ஹார்ட் டிஸ்க்குகளில் அப்படியே கிடக்கின்றன. 24 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 24 மெகாபிட்) எடுத்தது மணிக்கு 10.8 ஜிபி பிடிக்கும். இதைச் சுருக்கும் என்கோடர்களான எக்ஸ்264, எக்ஸ்265, எஸ்விடி-ஏவி1 (ஏவி1 வடிவத்துக்கானது) மூன்றுமே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் எக்ஸ்264 பக்கம்.

அளவைப் பற்றி நீட்டி முழக்க எதுவுமில்லை. அதே தரத்துக்கு எக்ஸ்265 சிறியதாக வரும், ஏவி1 பெரும்பாலும் அதைவிடச் சிறியதாக வரும். வேகத்தில் எக்ஸ்264 முந்தும்.

முடிவு செய்வது டிவிதான். பென் டிரைவைத் தண்டையார்பேட்டை அத்தை வீட்டில் சொருகினாலும் வியாசர்பாடி மாமா வீட்டில் சொருகினாலும் படம் ஓட வேண்டும். டிவிக்குள் சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் டிகோடர் சிப்பை அப்டேட் போட்டு மாற்ற முடியாது. எக்ஸ்265 உருவாக்கும் எச்இவிசி வடிவத்தின் தரநிலை வந்ததே 2013-இல், ஏவி1 2018-இல். அதற்கு முந்தைய டிவியில் சத்தம் மட்டும் வரும், இல்லையென்றால் ஃபைலே திறக்காது. எக்ஸ்264 உருவாக்கும் எச்.264 ஓடாத எச்டி டிவி அபூர்வம்.

ஆனால் எக்ஸ்264-ஐயும் கண்டபடி போட்டால் ஓடாது. 8 பிட், ஹை ப்ரொஃபைல், லெவல் 4.1 என்று வையுங்கள். லெவல் என்பது டிகோடர் தாங்க வேண்டிய சுமையின் வரம்பு. 10 பிட் எச்.264-ஐ டிவி சிப்புகள் பொதுவாக ஏற்பதில்லை. லெவலை ஆட்டோவில் விட்டு வெரிஸ்லோ ப்ரீசெட் (மெதுவான, நுணுக்கமான அமைப்பு) போட்டால் ரெஃபரன்ஸ் ஃப்ரேம் (மற்ற ஃப்ரேம்களை உருவாக்க நினைவில் வைக்கும் ஃப்ரேம்) 16 வரை போய், ஃபைல் லெவல் 5.1 ஆகிவிடும், பழைய டிவி திக்கித் திணறும். 4.1-இல் முழு எச்டிக்கு 4 ஃப்ரேம்தான் அனுமதி. ப்ரீசெட் ஸ்லோ, டியூன் ஃபிலிம், சிஆர்எஃப் (தர எண், குறைந்தால் தரம் கூடும்) 20 போதும். ஆடியோ ஏஏசி 160 கேபிபிஎஸ். ஓபஸ் வேண்டாம், பழைய டிவிக்கு அது புரியாது.

அடுத்தது இன்டர்லேஸ், அதாவது படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு அரைப்படமாகப் பதிவது. இந்தியாவில் விற்ற கேம்கார்டர்களில் பெரும்பாலும் 1080ஐ50, அதாவது நொடிக்கு 50 அரைப்படம். அப்படியே என்கோட் செய்தால் ஆரத்தி சுற்றும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். ஏவி1-இல் இன்டர்லேஸ் கோடிங்கே கிடையாது. ஆகவே இன்டர்லேஸை நீக்கும் பிடபிள்யூடிஐஎஃப் ஃபில்டர் கட்டாயம். அதை பாப் முறையில் (ஒவ்வொரு அரைப்படத்தையும் முழு ஃப்ரேமாக்குவது) வைத்தால் நொடிக்கு 50 ஃப்ரேம் கிடைக்கும், தேர் நகர்வது வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அதற்கு லெவல் 4.2 தேவை, எல்லா டிவியும் தாங்காது. உறவினர் வீடுகளுக்குக் கொடுப்பதற்கு நொடிக்கு 25 ஃப்ரேம்தான் பத்திரம்.

எக்ஸ்265 நம் ஊருக்கு அந்நியமில்லை. அதை வளர்த்த மல்டிகோர்வேருக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. ஃபோனில் எடுத்த 4கே வீடியோவுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். மண்டப வெளிச்சத்தில் எடுத்த புள்ளி நிறைந்த படத்தில் மட்டும் கவனம்: அதன் எஸ்ஏஓ ஃபில்டர் புள்ளியோடு பட்டுப்புடவை ஜரிகையையும் மழுக்கும், அதை அணைத்துவிடுங்கள். சிஆர்எஃப் எண்ணையும் அப்படியே தூக்கிப் போடக்கூடாது. எக்ஸ்264-இன் இயல்பு 23, எக்ஸ்265-க்கு 28, எஸ்விடி-ஏவி1-க்கு 35. பழைய இன்டர்லேஸ் படங்களில் ஏவி1-ஐ நான் அதிகம் ஓட்டிப் பார்த்ததில்லை, அதன் தரம் பற்றி அடித்துச் சொல்லமாட்டேன்.

பென் டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. சராசரி 8 எம்பிபிஎஸ் வந்தால் மணிக்கு 3.6 ஜிபி, எனவே ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஃபைலாக வெட்டுங்கள்.

கரண்ட் போகும் வீட்டில் நேராக எம்பி4-ஆக என்கோட் செய்யாதீர்கள். ஃபைலில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் எம்பி4-இன் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் மெஷின் அணைந்தால் அதுவரை ஓடியது முழுக்க வீண். எம்கேவி-யாக எடுத்தால் முடிந்த பகுதியாவது திறக்கும். முடிந்ததும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் காப்பி முறையில் எம்பி4-க்கு மாற்றிக்கொள்ளலாம். மறுபடி என்கோட் ஆகாது, தரமும் குறையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.